மூக்கு நீண்ட ஒண்ணு

நீங்க எழுதின ஒண்ணைப் பார்த்து யாராச்சும் ஏழுன்னு அடிச்சுச் சொல்லியிருக்காங்களா? என்கிட்ட சொன்னாங்க. ஒரு கிளாஸ் நிறைய பசங்க முன்னாடி.

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போன அடுத்த வருசம். அதுவரைக்கும் நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். "இனிமே அந்தப் படிப்பு எங்கயும் செல்லாது"ன்னு வாப்பா வாஞ்சூர் எல்லை தாண்டி ஒரு ஹைஸ்கூலுக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. அங்க கணக்கு வாத்தியார் கண்டிஷன் போட்டார். போர்டுல ஒரே கணக்கு. போட்டா ஃபிஃப்த் ஃபார்ம். போடலைன்னா ரெண்டு கிளாஸ் கீழ, தேர்ட் ஃபார்ம்.

தேர்ட் ஃபார்ம்ல யாரு? எனக்கு முன்னாடியே அங்க சேர்ந்துட்ட என் தம்பி. எங்க வீட்டுல அண்ணனுக்கு நானான்னு பேரு. காலையிலயே ஆரம்பிச்சுட்டான்: "நானா, என் பெஞ்சுல இடம் போட்டு வச்சிருக்கேன். ஜன்னலோரம் மட்டும் கேக்காத, அது என்னுது."

வாத்தியார் எழுதினார்: 6x² − 5x − 6. "காரணிப்படுத்து."

ப்பூ, இவ்வளவுதானா! எங்களுக்கு ஒரே வழிதான், டெல்டா. ஒரு முக்கோணம் போட்டு, b² − 4ac. இருபத்தஞ்சும் நூத்து நாப்பத்து நாலும் 169. வர்க்கமூலம் 13.

"நில்லு. முக்கோணம் எதுக்கு? எழுநூத்து அறுபத்தொம்பதுக்கு வர்க்கமூலம் எழுபத்திமூணாடா?"

"நூத்து அறுபத்தொம்பது, முசியே!" சார்னு சொல்ல வேண்டியது, பிரெஞ்சுல வாய் தவறிடுச்சு. கிளாஸே கொல்லுன்னு சிரிக்குது. பிரெஞ்சு ஒண்ணுக்கு மூக்கு நீளம், அதான் ஏழாத் தெரிஞ்சிருக்கு.

"அப்ப உன் ஏழைப் போடு."

நடுவுல குறுக்குக் கோடு இழுத்த ஏழைப் போட்டேன்.

"சார், ஏழுக்கு பெல்ட் மாட்டியிருக்கான் சார்!" பின் பெஞ்சுலேர்ந்து ஒருத்தன்.

வாத்தியார் எல்லாத்தையும் அழிச்சார். "இங்க இதான் வழி. அந்த மைனஸ் அஞ்சை ரெண்டா உடை. பெருக்கினா மைனஸ் முப்பத்தாறு, கூட்டினா மைனஸ் அஞ்சு வரணும். பத்து எண்ணுவேன். ஒண்ணு... ரெண்டு..."

உடைக்கறதா? என் ஜென்மத்துல உடைச்சதில்ல. ஆறும் மைனஸ் ஆறும்? கூட்டினா சைபர். மூணும் மைனஸ் பன்னெண்டும்? மைனஸ் ஒம்பது.

"அஞ்சு... ஆறு..."

வாசல்ல வாப்பா தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டே நிக்கறாங்க. வேர்வையில சாக்பீஸ் வழுக்குது. இப்படியே குருட்டாம்போக்குல தேடறதா? டேய், அவர் அழிச்சது போர்டைத்தானே, மண்டையில அந்த 13 அப்படியே இருக்கே! மைனஸ் அஞ்சோட பதிமூணைக் கூட்டு: எட்டு, பாதி நாலு. பதிமூணைக் கழி: மைனஸ் பதினெட்டு, பாதி மைனஸ் ஒம்பது. நாலும் மைனஸ் ஒம்பதும். பெருக்கினா மைனஸ் முப்பத்தாறு!

"ஒம்பது..."

6x² − 9x + 4x − 6. கடகடன்னு இறங்கி (2x − 3)(3x + 2)ல நிறுத்தினேன்.

வாத்தியார் கண்ணைச் சுருக்கினார். "எப்படிடா புடிச்ச?"

டெல்டான்னு சொன்னா செத்தேன். "ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தேன் சார்." பச்சைப் பொய்.

வாத்தியார் டஸ்டரை மேஜை மேல வச்சார். "ம். ஃபிஃப்த் ஃபார்ம். நாளைக்கு வரப்ப அந்த ஒண்ணை நேராக்கிட்டு வா."

நேராக்கிட்டேன். இப்ப காலேஜ்ல படிக்கறேன். லீவுக்கு டைப் இன்ஸ்டிட்யூட்ல உக்காந்து இதைத் தட்டிக்கிட்டிருக்கேன். அந்த 169ல ஒண்ணுக்குப் பதிலா வேற எழுத்தைத்தான் தட்டினேன். இந்த மெஷின்ல ஒண்ணுக்குக் கீயே கிடையாது.