ஆரஞ்சு இல்லாத ஆரஞ்சுத் தண்ணீர்

என்னைப் பெண் பார்க்க மூன்று கூட்டம் வந்தது. முதல் இரண்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போயின. முகம் அவ்வளவு மோசமில்லை. அவர்கள் வந்து உட்கார்ந்த அரை மணி நேரத்தில் அது இரண்டு மடங்காகிவிட்டது, அதுதான் சங்கதி.

முதலில் மேலுதடு தடிக்கும். பிறகு கண் இமை. பிறகு கன்னமும் கழுத்தும் திட்டுத் திட்டாகச் சிவக்கும். மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் பலகை வீட்டு முன்னறையில், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தேன். கொசு கடித்துவிட்டது என்று அம்மா சமாளித்தார். புக்கிட் பாருவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய் விடுவதாக இல்லை.

“அந்தக் கொசுவைக் கொஞ்சம் காட்டுங்க. எம்புட்டுப் பெருசுன்னு பார்ப்போம்” என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலையில் முக்கால்வாசியைப் பார்க்கும் டிரசரிடம் அப்பா என்னை அழைத்துப் போனார். அந்த ஆள் என் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இறால்தான் காரணம் என்றார். கூடவே கருவாடு, முட்டை, கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். மலாக்காவில் உட்கார்ந்துகொண்டு இறாலை விடுவதும் மூச்சை விடுவதும் ஒன்றுதான். பக்கத்து வீட்டுச் சிட்டி அம்மாள் பொழுது விடிந்ததும் பெலாச்சான் சுடுவார். அந்த இறால் விழுதின் வாசனை சுவரைத் தாண்டி வரும். நான் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே டிரசரைத் திட்டுவேன்.

இத்தனையும் விலக்கிய பிறகு இரண்டாவது கூட்டம் வந்தது. முகம் மறுபடியும் வீங்கியது. அவர்கள் வாசல் தாண்டும்போதே பெருநோய் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். அந்த வார்த்தை ஒரு வீட்டில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் கல்யாணம் கிடையாது. இன்னும் ஒரே ஒரு இடம் கைவசம் இருக்கிறது, அதுவும் கெட்டால் இனி இந்தப் படியேற மாட்டேன் என்று தரகு பேசும் அக்கா சொல்லிவிட்டார்.

அந்த ஒரு இடம் எனக்கு வேண்டியிருந்தது. பத்து பெரெண்டாமில் லோரி ஓட்டும் ஆள். மார்க்கெட்டில் மீன்காரன் தராசைத் தட்டியபோது, இன்னொரு முறை நிறுத்துக் காட்டும்வரை நகர மாட்டேன் என்று சண்டை போட்டதை நானே பார்த்திருக்கிறேன். பிடித்துவிட்டது.

இதற்கு நடுவில் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. திடலில் கூட்டம். எங்கள் தெருக்காரர்கள் வாளி வாளியாக ஆரஞ்சுத் தண்ணீர் கலந்து கொடுத்தார்கள். நான் இரண்டு கிளாஸ் குடித்தேன். சற்று நேரத்தில் இடது கண் மூடிக்கொண்டது. நாடு விடுதலை ஆனதை நான் ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன்.

“மாப்பிள்ளைதான் உனக்கு ஒத்துக்கலன்னு நெனச்சோம். சுதந்திரமும் ஒத்துக்கலையே” என்றான் அண்ணன்.

வந்த ஆத்திரத்தில் அவனை அடித்திருப்பேன். ஆனால் அந்தப் பேச்சுத்தான் என்னை யோசிக்க வைத்தது. திடலில் மாப்பிள்ளையும் இல்லை, இறாலும் இல்லை. ஆரஞ்சுத் தண்ணீர்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அந்த ஆரஞ்சுப் போத்தல் விருந்தாளிக்கு மட்டும்தான் திறக்கும். மற்ற நாளில் அம்மா அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். பெண் பார்க்க வரும்போதெல்லாம் அதைக் கலக்குவது நான், இனிப்பு சரியா என்று குடித்துப் பார்ப்பதும் நான். ஆனால் சீனப் புத்தாண்டுக்கு எதிர்வீட்டார் கொடுக்கும் ஆரஞ்சுப் பழங்களை நான் கூடையோடு காலி செய்திருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

போத்தலை எடுத்து முன்னும் பின்னும் படித்தேன். இரண்டு இலையோடு ஓர் ஆரஞ்சுப் படம். கீழே தெங்கேராவில் ஒரு சந்தின் விலாசம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்துக் கிடையாது. அண்ணனைச் சைக்கிள் மிதிக்கச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து போனேன். அங்கே ஒரு தகரக் கொட்டகையில், பனியன் போட்ட ஒருவர் பீப்பாயில் சீனித் தண்ணீரைக் கிண்டிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு எங்கே என்று மலாயில் கேட்டேன். பழம் விற்கிற விலையில் அதை யார் போடுவார்கள் என்று சிரித்தார். ஒரு டின்னைத் திறந்து மஞ்சள் நிறச் சாயப் பொடியைப் பெருமையாகக் காட்டினார். பிஸ்கட்டுக்கு நடுவில் தடவும் கிரீம், கஸ்டர்ட், கேசரிப் பொடிப் பாக்கெட், எல்லாமே இந்தப் பொடிதானாம். கெடுதல் இல்லையா என்றதற்கு ஒரு சிட்டிகை நாக்கில் போட்டு நீட்டிக் காட்டினார், தனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. அந்த முகத்துக்கு இனிமேல் என்னதான் ஆக முடியும்?

வீட்டுக்கு வந்து அலமாரியைக் கவிழ்த்தேன். ஒரு டப்பாவிலும் உண்மை எழுதியிருக்கவில்லை. ஆனால் ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு ஒரு வழி இருக்கிறது. மஞ்சள் தூள் என்றால் சுண்ணாம்பு பட்டதும் சிவந்துவிடும். பாக்கெட் பொடி அசையாது. மஞ்சளாக இருந்த எல்லாவற்றையும் தட்டில் கரைத்துச் சுண்ணாம்பு தொட்டுப் பார்த்தேன். சிவக்காததை எல்லாம் சாக்கடையில் கொட்டினேன். காசு கொடுத்துக் கடையில் வாங்கியதைக் கொட்டுகிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். போத்தலில் வந்தால் மரியாதை, வீட்டில் அரைத்தால் ஏழ்மை. அந்தக் காலத்துப் புத்தி அது.

மூன்றாவது கூட்டத்துக்கு வெறும் தேநீர் கொடுத்தோம். முகம் முகமாகவே இருந்தது. பேச்சு முடிந்தது, பெண் பிடித்திருக்கிறது என்றார்கள். உடனே மாப்பிள்ளையின் தாய் தான் கொண்டுவந்த அட்டைப் பெட்டியைத் திறந்து, கடை லட்டு ஒன்றைப் பிட்டு என் வாயருகே நீட்டினார். அந்தக் கையிலிருந்து வாங்காவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று அர்த்தம். லட்டு பளீரென்று மஞ்சளாக இருந்தது. தின்றால் முகம் போகும், தின்னாவிட்டால் மாப்பிள்ளை போவார்.

“கலருக்கு என்ன போட்டிருக்காங்க?” என்று கேட்டேன். அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினார்.

“மஞ்சத்தூளுதான்னு கடைக்காரன் சொன்னான். ஏன்?”

வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை விரலில் எடுத்து, அவர் கையிலிருந்த லட்டிலேயே தேய்த்தேன். லட்டு மஞ்சளாகவே இருந்தது. இது பாக்கெட் பொடி, தின்றால் என் முகம் வீங்கும், முன்னே வந்தவர்கள் நோய் என்று சொன்னது இதைத்தான் என்று போட்டு உடைத்தேன்.

அவர் லட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மஞ்சத்தூளுன்னு சத்தியம் பண்ணானே, படுபாவி. ரெண்டு வருசமா அவன்கிட்டதான் வாங்குறேன்” என்றார். பிறகு என் அம்மாவைப் பார்த்து, “வீட்டுல சீனி இருக்கா? இல்ல, அதுக்கும் இவ வீங்குவாளா?”

அண்ணன் ஓடிப்போய் டப்பாவோடு வந்தான். அவர் ஒரு சிட்டிகை எடுத்து என் வாயில் போட்டார். தரகு அக்கா நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டு, என் மேலுதட்டையே பார்த்தபடி உட்கார்ந்தார். எல்லோரும் பார்த்தார்கள். மாப்பிள்ளையும் பார்த்தார். உதடு அப்படியே இருந்தது. அடுத்த தை மாதம் கல்யாணம் என்று முடிவாகும்வரை தரகு அக்கா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.