தம்பிக்குப் போன பட்டம்

ஆசான் பட்டம் தனக்கில்லை என்று நைல்டாவுக்குத் தெரியவந்த நாளில், அறுபது பேருக்கு வெண்டைக்காயும் காய்ந்த இறாலும் போட்டுக் கருரு கிண்டியதும் அவள்தான்.

சல்வடோரில், லிபெர்தாஜி மேட்டில் இருந்தது, பாட்டுக்கு ஏற்ப வட்டத்துக்குள் இருவர் மோதும் சண்டையாட்டமான கப்போயிராவுக்கு அரிஸ்தேவு ஆசான் வைத்திருந்த கூடம். பத்தொன்பது வயதில் அங்கே வந்து நின்றாள் நைல்டா. பகலில் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை, சாயங்காலம் கூடம்.

"பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேல? பாட்டுக்குக் கைய தட்டு, போதும்" என்றார் ஆசான்.

மூன்று வருஷம் தட்டினாள். தட்டிக்கொண்டே கண்ணால் படித்தாள். ஆள் குறைந்த ஒருநாள் வட்டத்துக்குள் இறங்கினாள். அப்புறம் யாராலும் அவளை வெளியேற்ற முடியவில்லை.

ஆசானுக்கு முட்டி தேய்ந்தபின் பதினேழு வருஷம் வகுப்பெடுத்தது அவள்தான். தம்பி வல்மீருவைக் கூட்டிவந்து சேர்த்ததும் அவளே. அவன் தோன்றினால் வருவான், இல்லையென்றால் கடற்கரையில் பீர். ஆனாலும் ஆட்டத்தை நடத்துகிற பெரிம்பாவ் என்ற ஒற்றைத்தந்தி வாத்திய வில்லை அவன் கையில் கொடுப்பார் ஆசான். அவள் கையில் ஒருநாளும் கொடுத்ததில்லை.

பட்டம் கொடுக்கும் நாளன்று அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்றாள். ஆசான் கூப்பிட்ட பெயர் வல்மீரு.

"நைல்டாவுக்கும் ஒரு கைதட்டு குடுங்கப்பா. அவ இல்லாட்டி இன்னிக்கு நமக்குச் சோறேது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் நேராகப் போய், ஆட அழைப்பவர் குந்தும் இடமான வில் வாசிப்பவர் காலடியில் குந்தி, தம்பியைப் பார்த்தாள். வட்டத்துக்குள் அழைத்தால் பட்டக்காரன் மறுக்க முடியாது.

"அக்கா, இன்னிக்கு வேணாமே" என்று முணுமுணுத்தான்.

"இன்னிக்குத்தான் வேணும். வா."

கூட்டத்துக்குக் காட்ட அவன் ஒரு காலை உயரே வீசினான். நைல்டா தரையோடு தரையாகப் புகுந்து ஊன்றிய காலை வாரினாள். மல்லாந்து விழுந்தான். புது வெள்ளைச் சட்டை முழுக்க மண். அழுக்குப் படாமல் ஆடி எழுவதுதான் அங்கே மானம்.

வில்லின் இசை நின்றது. "தர ஈரம். வழுக்கிட்டான்" என்றார் ஆசான்.

"வழுக்கல ஆசானே. நான் வாரினேன்."

"இந்தத் தலக்கனத்துக்குத்தான் உனக்குக் குடுக்கல."

அன்றோடு வெளியேறி, பெரிபெரி என்ற புறநகரில் ஒரு தகரக் கொட்டகையில் தனியே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பதினோரு பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மற்றக் கூடங்களில், "உனக்கு யாரும்மா பட்டம் குடுத்தது?" என்று கேட்டு வாசலோடு அனுப்பினார்கள்.

ஆறு வருஷம் கழித்து வல்மீரு வந்தான்.

"ஆசான் படுத்த படுக்கையா கெடக்கார்க்கா. கூடத்துல ஆளே நிக்க மாட்டேங்குது. நீ வந்து வகுப்ப எடு."

"பலகையில யார் பேரு?"

அவன் தலையைச் சொறிந்தான். "எம்பேருதான். ஆனா நீதான் எடுக்கறேன்னு எல்லாருக்கும் தெரியும்ல?"

"பதினேழு வருஷமும் தெரிஞ்சதுதானே. தெரிஞ்சு என்னத்தக் கிழிச்சாங்க?"

ஒரு வாய் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பினாள்.

அடுத்த மாதம் அரிஸ்தேவு செத்துப்போனார். அடக்கத்துக்கு அவள் போகவில்லை. வகுப்பு உண்டு என்று சொல்லிவிட்டாள். ஆட்டத்துக்கு முன் தன் ஆசானை வாழ்த்திப் பாடுவது முறை. இத்தனைக்குப் பிறகும் அந்தக் கொட்டகையில் ஒருநாள் தவறாமல் அவள் வாழ்த்தியது அவர் பெயரைத்தான். வேறு யார் பெயர் இருந்தது அவளுக்கு?

அன்று அவர் பெயர் வரும் அடி வந்ததும் பாடாமல் நிறுத்திவிட்டாள். பின்பாட்டுக்காரிகள் காத்திருந்தார்கள்.

"என்னத்தப் பாக்கறீங்க? ஆடுங்கடி" என்றாள்.