என் வழக்கு, அண்ணன் வார்த்தை

மெல்போர்னில் போன வாரம் ஒரு வக்கீலம்மா தன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். ஊரில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் பழுதாகி நாற்பத்தோரு நாள். செயற்கைக் காலை வைத்துக்கொண்டு ஐம்பத்திரண்டு படி ஏறி இறங்க முடியவில்லை. ஊனமுற்றவர்களுக்கு இலவசமாக வழக்காடும் அலுவலகம் ஒன்றுக்கு மகன் அழைத்துப் போனான். அந்தம்மா கேட்டார், மகன் பதில் சொன்னான். மூன்றாவது கேள்விக்குத்தான் நாற்காலி திரும்பியது. "நீங்கள் சொல்லுங்கள்" என்றார். சந்தேகப்படுகிறார் என்று நினைத்து, "இவன் என் சொந்த மகன்தான்" என்றேன். "தெரியும்" என்று சிரித்துவிட்டு, அவனை வெளியே உட்காரச் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ராசிபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கெழுதினேன். மில் வாசலில் லோடு லாரி பின்னோக்கி வந்ததில் வலது கால் முழங்காலோடு போனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினால் வேலை இல்லை. உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு எதற்கு இரண்டு கால் என்று கோர்ட்டில் கேட்க, சேலத்தில் ஒரு வக்கீல் கிடைத்தார். என்னைப் போன்றவர்களிடம் ஃபீஸ் வாங்காதவர். அவர் அறை மாடியில், பத்தொன்பது படி. ஏழு வாய்தாவுக்கும் ஊன்றுகோலோடு ஏறினேன். எட்டாவதற்குப் போனபோது வழக்கே இல்லை.

"உங்க அண்ணன் வந்து வாபஸ்னு சொல்லீட்டுப் போனாருங்களே" என்றார் வக்கீல்.

"என்னைய ஒரு வார்த்தை கேக்கலியேங்க."

"பெரியவரு சொன்னாப் பத்தாதுங்களா? நீங்க வேற, அவரு வேறயா?"

அண்ணன் மகளை மில் மேனேஜரின் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியாது. வீட்டில் கேட்டபோது அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உனக்குப் போனது ஒரு காலுதான் சாமி. புள்ளைக்கு வாழ்க்கையே போயிருமில்ல" என்றார். அவர்மேல் வந்த கோபம் மூன்று வருடத்தில் ஆறியது. வக்கீல்மேல் இன்னும் ஆறவில்லை. காலில்லாதவனுக்காகப் பேச வந்தவர், கால் இருப்பவனிடம் கேட்டுக்கொண்டார்.

மகன் வெளியே போனபின் வக்கீலம்மா பதினொரு கேள்வி கேட்டார், அத்தனையும் என்னிடம். கடைசியில் வழக்குப் போடுவதற்கான சம்மதத் தாளை நீட்டி, "அவசரமில்லை, உங்கள் விருப்பம்" என்றார். பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மகன் உட்கார்ந்திருந்தான். நான் பார்ப்பதை உணர்ந்து நிமிர்ந்தவன், லேசாகத் தலையசைத்தான்.

அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.