இரும்புலியூரில் ஒரு ஜப்பான் கோட்டை

கம்ப்யூட்டருக்குள் நிற்கிற ஜப்பான் கோட்டை இடியாமல் இருந்தால், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற என் நண்பனுக்குக் கால் தப்பிவிடும் என்று நான் நம்பினேன். எனக்கு ஐம்பது வயசு. நாவலூர் ஆபீஸில் எனக்குக் கீழே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் தமிழ் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நண்பனுக்கு இரும்புலியூரில் டைல்ஸ் கடை. கடையின் பின்னறையில், பில் போடவென்று வாங்கிய கம்ப்யூட்டரில், லீவு நாளில் நாங்கள் இருவரும் ஆடுகிற ஆட்டம் ஒன்று உண்டு. நாட்டுக்கு நாடு தெய்வங்களும் பூதங்களும் படையோடு வந்து மோதும். நாங்கள் எப்போதும் ஜப்பான் கட்சி. காரணம் அந்தக் கோட்டை. அடியில் சரிந்து ஏறும் கருங்கல் மேடை, மேலே அடுக்கடுக்காகக் கூரை. தூரத்தில் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். கிட்டே போனால் அம்பு பறக்கும். உள்ளே ஆள் ஏற ஏற அம்பும் கூடும். இரண்டு குன்றுக்கு நடுவே சந்து பார்த்து நண்பன் அதை நட்டுவிட்டு, "இப்ப வாடா பாக்கலாம்" என்று தாடியைத் தடவிக்கொள்வான். சண்டை அவன் பொறுப்பு. வயல், விறகு, சோறு என் பொறுப்பு. வீட்டிலும் எனக்கு அதே இலாகாதான்.

உடைந்த டைல்ஸ் சில்லு ஒன்று அவன் இடது கட்டைவிரலில் ஏறியிருக்கிறது. பாதத்தின் உணர்ச்சியைச் சர்க்கரை எப்போதோ தின்று தீர்த்திருந்ததால் அவனுக்கு வலிக்கவில்லை. சாக்ஸ் துவைக்கப் போட்டபோது வந்த வாடையை வைத்து அவன் மனைவிதான் கண்டுபிடித்தாள். அதற்குள் விரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கணுக்காலுக்கு மேலே பேனாவால் ஒரு கோடு போட்டார். காலில் ஏறிவருகிற சிவப்பு இதைத் தாண்டாவிட்டால் விரலோடு போய்விடும், தாண்டினால் முட்டிக்குக் கீழே எடுக்கவேண்டி வரும் என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

"கடைச் சாவிய வச்சிக்க மச்சான்," என்றான் நண்பன். "சனிக்கிழமை லோடு வரும், இறக்கி வை. நம்ம ஆட்டம் பாதில கீது. கோட்டைய வுட்டுடாத."

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஊரில் மற்றவர்கள் இந்த மாதிரி நேரத்தில் மொட்டை வேண்டிக்கொள்வார்கள், தர்காவுக்குப் போர்வை வேண்டிக்கொள்வார்கள். நான் ஆட்டத்தில் எங்கள் கட்சித் தெய்வமான ஜப்பான் சூரிய தேவியிடம் வேண்டிக்கொண்டேன்: கோட்டையை நான் காப்பாற்றுகிறேன், காலை நீ காப்பாற்று. சனிக்கிழமை காலையில் லோடு இறங்கியதும் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு, செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

ஒற்றைக்கண் பூதங்கள் முன்னால் வந்தன. பின்னால் கல்லெறியும் வண்டிகள். கோட்டைக் கூரையில் தீப்பிடித்தது. அவசரத்தில் மவுஸ் இரண்டு தடவை கீழே விழுந்தது. நாற்று நட்டவன், மரம் வெட்டியவன், மீன் பிடித்தவன் என்று கண்ணில் பட்ட எல்லாரையும் வாரிக் கோட்டைக்குள் தள்ளினேன். அம்பு கூடத்தான் செய்தது. தீயும் கூடியது. வார்டுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா இப்பிடி மூச்சு வாங்குது? உனக்கும் பெட்டு போடச் சொல்லவா?"

"கோட்டை எரியுது மச்சான்!"

"உள்ள யாரு?"

"எல்லாரும்."

"வயல்ல?"

"ஒருத்தனும் இல்ல."

"அட பேமானி, சோறு உங்கப்பனா வந்து போடுவான்? கதவச் சாத்திக்கினு உள்ள உக்காந்தா தீ அணைஞ்சிடுமா? வெளிய அனுப்பு. சுத்தி நின்னு ரிப்பேர் பண்ணட்டும்."

"வெளிய போனா செத்துடுவானுங்க."

"கொஞ்சம் பேரு சாவான். அனுப்புடா."

அனுப்பினேன். பாதிப் பேர் கல்லடியில் போனார்கள். மீதிப் பேர் சுத்தியலோடு சுற்றி நின்றார்கள். தீ அணைந்தது. கோட்டை நின்றது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் நான் ஸ்கூட்டர் ஓட்டிய லட்சணத்துக்கு இரண்டு பேருந்துகள் திட்டின. வார்டுக்குள் நுழையும்போதே கத்தினேன்: "நின்னுச்சு மச்சான்! நான் சூரிய தேவிகிட்ட வேண்டிக்கினேன், கால் போகாது!"

"எனக்கு அல்லா போதும்டா," என்றான். "அந்த ஜப்பான்காரிக்கு நம்ம வார்டுக்கு வழி தெரியாது."

அவன் சிரிக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி போர்வையை விலக்கினாள். பேனாக் கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு போட்டிருந்தார்கள். சிவப்பு அதையும் தாண்டியிருந்தது.

"என்னம்மா தங்கச்சி இது?" என்றேன்.

"காலையிலயே தாண்டிடுச்சுண்ணா," என்றாள்.

நான் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோதே தாண்டியிருந்தது. என் வாய் நிற்கவில்லை. வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், ஆபீஸில் ஒருவரின் சித்தப்பா, பீர்க்கன்கரணையில் மூலிகைக் கட்டுப் போடுகிறவர் என்று ஒவ்வொருவராக இழுத்தேன். எல்லாருக்கும் இப்போதே போன் போடுவதாகச் சொன்னேன்.

"பாரு, திரும்பவும் எல்லாரையும் உள்ள தள்ற," என்றான். "இங்கயே உக்காரு. கையெழுத்துப் போட்டுட்டேன்."

உட்கார்ந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை ஜில்லென்று இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவனுடைய இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.