கையில் ஏறாத வளையல்

கீரனூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் ஊர்களில் இப்போது யாரும் என்னை வளைகாப்புக்கு அழைப்பதில்லை. கிராமச் செவிலியராகப் பதினேழு வருடமாக அந்த ஊர்களில் அலைகிறேன். பிள்ளைக்கு எடை பார்க்க நான் வேண்டும், ஊசி போட நான் வேண்டும். விசேஷத்துக்கு மட்டும் ஆகமாட்டேன். "அந்த நர்ஸம்மா கை பட்டா வளையல் ஒடஞ்சிரும்" என்று என் காதில் விழும்படியே பேசுகிறார்கள். பேசட்டும். நடந்தது என்ன என்று ஒருத்தராவது என்னிடம் கேட்டிருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு அது தலைப்பிரசவம். கணவன் துபாயில். அவள் மாமியார் வீட்டில் இருந்ததால் என் பொறுப்பில் இருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் பார்த்தபோது ரத்த அழுத்தம் சரியாகவே இருந்தது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் மறுபடி வரச் சொல்லியிருந்தேன். வரவில்லை. வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"வளைகாப்பு முடியட்டும் நர்ஸம்மா. அப்புறம் அவங்க ஆத்தா வீட்ல பாத்துக்கிருவாங்க" என்றார் மாமியார்.

பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர்கள் ஊர் இலுப்பூருக்கு அந்தப் பக்கம். "அதெல்லாம் மாமியா வீட்ல பாத்துத்தான அனுப்புவாங்க" என்றார் அவர்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை வகைச் சோறு கிளறுவது என்று இரண்டு வீடும் பத்துத் தடவை பேசிக்கொள்ளும். அவளை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது என்று ஒரு தடவை பேசாது. வளைகாப்பு நெருங்கிவிட்டால் பிள்ளைத்தாய்ச்சி இரண்டு வீட்டுக்கும் பொதுவாகி, கடைசியில் யாருக்கும் இல்லாமல் போவாள். வருடம் தவறாமல் இதைப் பார்க்கிறேன். கூட்டம் போட்டுச் சொல்லியாயிற்று, படம் காட்டியாயிற்று. தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

வளைகாப்பு ஒரு வியாழக்கிழமை. எனக்கும் அழைப்பு இருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். வாசலிலேயே மாமியார் பையைப் பார்த்துவிட்டார்.

"என்ன நர்ஸம்மா, விசேஷ வீட்டுக்குமா மிஷினத் தூக்கிட்டு வருவீங்க? இன்னைக்கு ஒரு நாளாச்சும் பொம்பளையா வந்து ஒக்காருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வெட்கமாகிவிட்டது. பையை மூலையில் வைத்தேன்.

வளையல் போட ஆரம்பித்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்றுதான் அப்போது நினைத்தோம். பத்து நாளுக்கு முன்பு அவள் கையிலிருந்தே ஒரு வளையலைக் கழற்றி, அளவுக்குக் கொடுத்துப் புதுக்கோட்டையில் வாங்கிய கண்ணாடி வளையல்கள் அவை. அன்று விரல் முட்டியைத் தாண்டி ஏற மறுத்தன. சந்தனத்தைப் பூசினார்கள், போகவில்லை. எண்ணெய் கேட்டார்கள். "பிள்ளைத்தாச்சி சதை போட்டுட்டா, மாமியா கவனிப்பு அப்புடி" என்று ஓர் அத்தை சொல்ல, மாமியாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஒவ்வொருத்தியும் எண்ணெய் தடவி, விரல்களைக் குவித்துப் பிடித்து, அழுத்தி ஏற்றினாள். என் முறை வந்தது. நானும் தடவினேன். நானும் அழுத்தினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

ராகுகாலத்துக்கு முன் கிளம்ப வேண்டும் என்று பெண் வீட்டார் அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஸ்கூட்டரில் அடுத்த ஊருக்குக் கிளம்பினேன். கொஞ்ச தூரம் போயிருப்பேன், கைப்பிடி வழுக்கியது. வண்டியை நிறுத்திச் சேலைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்தேன். எண்ணெய். பத்து நாளில் யாருக்கு அப்படிச் சதை போடும்? அது சதை இல்லை, வீக்கம். ரத்த அழுத்தம் ஏறியதற்குப் படிப்பு சொல்லிக்கொடுத்த முதல் அடையாளம், கண்ணுக்கு முன்னால், என் கைக்குள்ளேயே இருந்தது.

அவள் அம்மா ஊரைப் பார்க்கும் செவிலியரைப் போனில் தேடினேன். அந்த இடம் மாதக்கணக்கில் காலி. கூடுதல் பொறுப்பில் இருந்தவர் புதுக்கோட்டையில் மீட்டிங்கில் இருந்தார். யாரைத் திட்டுவது? ஸ்கூட்டரை இலுப்பூர்ப் பக்கம் திருப்பினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் படுத்திருந்தாள். களைப்பு என்றார் அம்மா. கருவியைக் கட்டினேன். நூற்றெழுபதுக்கு நூற்றுப் பத்து. காலில் விரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன்.

"வந்த அன்னைக்கேவா? அவ மாமியா என்னையத்தான கேக்கும்? மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிருவோம்." மாப்பிள்ளை வேலையில் இருந்தார், போனை எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். மறுபடி. நான் கத்திவிட்டேன். "பிட்ஸ் வந்துச்சுன்னா ரெண்டு உசுரும் போயிரும். அப்ப அவர்ட்ட என்ன சொல்வீங்க?" என்று அவர்கள் வாசலில் நின்று, தெருவே கேட்கக் கத்தினேன். அதற்குப் பிறகுதான் நூற்றெட்டைக் கூப்பிடவே விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நரம்பு வேண்டும். இரண்டு கைகளும் முழங்கை வரை வளையல். விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. கழற்றிப் பார்த்தோம், ஒன்றும் நகரவில்லை. ஒடைக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

அம்மா மகளின் கையைப் பற்றிக்கொண்டார். "போட்ட அன்னைக்கே வளையல ஒடைக்கிறதா? மாப்பிள்ளை கண்காணாத தேசத்துல இருக்காரு. வேணாம் தாயி, வேற எடத்துல குத்துங்க."

நான் அவர் கையை விலக்கினேன். துணியைச் சுற்றி, வளையல்களை ஒவ்வொன்றாக உடைத்தேன். நான் போட்டுவிட்ட வளையலையும் உடைத்தேன். அந்தப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" ஆபத்து அவளுக்கு, கேட்டது அவனுக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளையே அறைந்திருப்பேன். "ஆகாது, நீ கண்ணை மூடு" என்றேன்.

சாயங்காலம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. சின்னது, ஆனால் அழுதது. தாயும் பிழைத்தாள். துபாயில் அவனும் சளி காய்ச்சல்கூட இல்லாமல் நன்றாக இருந்தான். ஆனால் ஊரில் நின்ற பேச்சு வேறு. குழந்தை எடை குறைந்து பிறந்ததற்கு வளையல் உடைந்ததுதான் காரணம் என்று மாமியாரே சொன்னாராம். குழந்தை குறைமாதத்தில் எடுக்கப்பட்டது என்று எத்தனை தடவை சொல்வது? சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

பிறந்த ஐந்தாம் மாதம் அவளைப் பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். ஒரு நாள் எடை பார்க்க வந்தாள். கையில் புது வளையல்கள், தளர்வாக. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஊரே ஏசினாலும் இவளாவது சொல்வாள் என்று ஒரு ஆசை.

"வளைகாப்புக்கு மொத நாள்லேருந்தே தலவலி நர்ஸம்மா. கண்ணுல பூச்சி பறந்துச்சு" என்றாள்.

"ஏம்மா சொல்லல? நான் பக்கத்துலதான நின்னேன்?"

அவள் கோபமே இல்லாமல் சொன்னாள். "நீங்க வளையல் போடயில சொல்லலாம்னுதான் வாயெடுத்தேன். நீங்களும் சிரிச்சுக்கிட்டே எண்ணெய் தடவுனீங்களா, அப்ப ஒண்ணுமிருக்காதுன்னு விட்டுட்டேன்."