ஆசிட் கேன்மேல் ஒட்டிய நோட்டீஸ்

புதுச் செங்கல் சுவரைக் கழுவுவது, கொத்தனார் சிந்திய கலவைக்கு நாம் தண்டனை அனுபவிக்கிற தொழில். முப்பது வருஷம் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடித்தவன் நான். என் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம்தான். சங்கம் இரண்டாக உடைந்து, என்னை ஒருவரும் கூப்பிடாமல் போன பிறகு இந்த வேலைக்கு வந்தேன். கூட வந்தவர் ரோஸ்மேரி, எங்கள் சங்கத்துச் சித்தாள். பூசாத செங்கலில் வீடு கட்டி முழிக்கிற அன்பர்களே, நம் கதை ஒன்றுதான்.

நாலாம் நாள்

திண்டிவனத்தில் ஒருவர், குயிலாப்பாளையம் பக்கம் பூசாத செங்கல் வீடுகளைப் பார்த்து ஆசைப்பட்டுக் கட்டிய வீடு. கட்டி நாலே நாளான சுவரைக் கழுவச் சொன்னார். கலவை இறுக ஒரு வாரமாவது விடுங்கள், பிறகு மரச் சில்லால் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும் என்றேன். தலையாட்டினார். மறுநாள் போனால், கக்கூஸ் ஆசிட்டைத் தண்ணீர் கலக்காமல், நனைக்காத சுவரில் அவரே அடித்திருந்தார். செங்கல் இடுக்குகளிலிருந்து கலவை மணலாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

“இன்னாங்க பண்றது, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறிச்சாச்சு. செவுரு காயட்டும்னு ஐயரு காத்துக்கினு இருப்பாரா?”

பிளீச்சிங் பவுடர்

விழுப்புரத்தில் ஒரு டீச்சர் வீடு. சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அதைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே போதும். அந்தம்மா பளிச்சென்று ஆகட்டும் என்று கலவைக் கறைக்காக நாங்கள் வைத்திருந்த ஆசிட் வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டார். கிளம்பிய விஷப்புகையில் ரோஸ்மேரி இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். நானும் மூச்சுத் திணறிக்கொண்டே, இரண்டையும் சேர்க்கவே கூடாது என்றேன்.

“சயின்ஸ் டீச்சருங்க நானு. எனக்கே கிளாஸ் எடுக்கறீங்களா?”

சிவப்பு எழுத்து

அதற்குமேல் பொறுக்காமல் சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் அடித்தேன். ‘சுவரை முதலில் நனை. தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்று. ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதே. கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடாதே.’ ரோஸ்மேரிக்கு ஒன்று கொடுத்து, கேன்மேலும் ஒன்று ஒட்டினேன். எழுதியதை நாலு முறை படித்து நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு வீட்டில் நான் போவதற்குள் ரோஸ்மேரி வேலையைத் தொடங்கிவிட்டார். வாளியில் ஆசிட் இருந்தது. அதன்மேல் தண்ணீரை ஊற்றினார். நான் வாசலில் நுழையும்போது அது கொதித்து அவர் கண்ணில் தெறித்தது. கண்ணாடி பையிலேயே கிடந்தது. குழாயடியில் இமையைப் பிரித்துப் பிடித்து, கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. பார்வை போகவில்லை, தண்ணீர்தான் காப்பாற்றியது என்றார் டாக்டர். பயம் தெளிந்ததும் கத்திவிட்டேன், அத்தனை பெரிய எழுத்தில் அடித்திருந்தேனே என்று. கட்டுப் போடாத கண்ணால் ரோஸ்மேரி என்னைப் பார்த்தார்.

“மனுவுக்கெல்லாம் என் கைநாட்டு வாங்கனது நீங்கதானேண்ணே? இத்தினி வருஷமா நோட்டீஸ வாங்கி மடிச்சு வெச்சிக்கினுதான் இருக்கறேன். ஒருநாளாவது படிச்சுக் காட்டனீங்களா?”

இப்போதெல்லாம் கேனைத் திறக்குமுன் நோட்டீஸை உரக்கப் படிக்கிறேன். முப்பது வருஷத்தில் நான் நடத்தியதிலேயே சின்னக் கூட்டம் அதுதான், வந்திருப்பவர் ஒரே ஆள், ஆனால் பேசியது போய்ச் சேர்ந்த முதல் கூட்டமும் அதுதான்.