ஓடைக்கு அக்கரையில் என் மகள் தூங்கினாள்

சதுரகிரி மகாலிங்கத்தை நம்பி மலை ஏறுகிறவர்களே, ஏறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களே, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் படபடவென்றுதான் சொல்வேன். என் சுபாவம் அப்படி.

எங்களுக்குப் பாம்பன். வீட்டுக்காரருக்குக் கடல் தொழில். ஒரு ஐப்பசியில் அவருடைய தம்பி கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகு மட்டும் கரை ஒதுங்கியது. அன்றோடு என் மகள் வள்ளிக்குத் தூக்கம் போயிற்று. அந்த ஆண்டுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தோம். அப்பா கடலுக்குப் போய்விட்டால் வாசற்படியை விட்டு நகரமாட்டாள். அவர் வீட்டில் இருந்தாலும், கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் விலுக்கென்று எழுந்து, "அய்யா இருக்காகளா?" என்று கேட்பாள். "இருக்காகடி, படு" என்றால் நம்பமாட்டாள். தொட்டுப் பார்ப்பாள். பிறகு விடிகிறவரை கொட்டக் கொட்ட முழித்திருப்பாள்.

பிள்ளை துரும்பாக இளைத்துப் போனாள். ராமநாதபுரத்தில் டாக்டரிடம் காட்டினோம். மந்திரித்துக் கயிறு கட்டினோம். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. பிள்ளை தூங்காத வீட்டில் யார் தூங்குவது? நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் பற்றவைக்க மறந்து நிற்பேன். இதற்கு ஒரு முடிவே கிடையாதா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு மதினிதான் வழி சொன்னார். "ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போ. அடிவாரத்துல பிள்ளைக்கு முடியெறக்கி, மேல கொண்டுபோயி மகாலிங்கத்துக்கிட்ட ஒப்படைச்சிட்டு வா. அவரு பாத்துக்கிருவாரு."

வீட்டுக்காரர் சிரித்தார். "ஆடி அமாவாசைக்கு ஊரு ஒலகமே நம்ம கடலுக்கு முங்க வருது. நீ கடல விட்டுட்டு மலைக்குப் போறேங்குற!" கேலி பேசினாரே தவிர, வேன் பேசி வைத்ததும் அவர்தான்.

தாணிப்பாறையில் வள்ளிக்கு மொட்டை போட்டு ஏறத் தொடங்கினோம். மணலில் நடந்து பழகிய கால்களுக்குப் பாறை பெரும்பாடாக இருந்தது. கூட்டமோ கூட்டம். வள்ளி அப்பா தோளில் உட்கார்ந்து, முதல் நாள் இரவு முழுக்கத் தூங்காத கண்ணோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள். சுந்தர மகாலிங்கத்தின் முன்னால் நான் அதிகம் பேசவில்லை. "என் பிள்ளை தூங்கணும்" என்று மட்டும் கேட்டேன்.

இறங்கும்போதுதான் அந்தச் சோதனை வந்தது. எனக்கு மெதுவாக நடக்கத் தெரியாது. வழியில் இருந்த ஓடையை முதலில் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். ஏறும்போது பாதம் நனைகிற அளவுதான் அதில் தண்ணீர். வீட்டுக்காரர் வள்ளிக்குப் புளிச்சோறு ஊட்ட ஓடைக்கு நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்தார். மேலே இருந்து வந்த ஒரு பெரியவர், "உச்சியில மழை பெய்யிது, சீக்கிரம் தாண்டுங்க" என்றார். இவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "காத்தும் இல்ல, கருக்கலும் இல்ல. மழை எங்கன இருந்து வரும்? போங்கய்யா" என்றார். நானும் ஆமாம் போட்டேன். கடற்கரைக்காரர்களுக்கு ஆபத்து வானத்தில் தெரிந்துதான் வரும். வேறு எங்கோ பெய்த மழை காலடியில் வந்து நிற்கும் என்று எங்களுக்கு என்ன தெரியும்?

தண்ணீர் கலங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீறிக்கொண்டு பெருகியது. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தில் இருந்த அக்கரைக்கு ஏறிவிட்டார். நான் இக்கரையில். நடுவில் செம்மண் நிறத்தில் வெள்ளம்.

வடிகிறவரை பொறுத்திருக்க வேண்டியதுதானே? அவருக்கா பொறுமை? பாம்பன் நீரோட்டத்தில் முங்கி எழுந்த மனுசன். கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் நடந்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, "வாரேன்" என்று கையைக் காட்டினார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். "வேணாம்! பிள்ளையோட எறங்காதீக!" வெள்ளத்தின் இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்படியே பாறையில் விழுந்தேன். "மகாலிங்கம்! ஒரு ஆள கடல்ல குடுத்தாச்சு. அது பத்தலையா உனக்கு? இந்தத் தண்ணியக் கொற. இப்பவே கொற" என்று திட்டினேன். ஆமாம், சாமியைத்தான் திட்டினேன்.

தண்ணீர் குறையவில்லை. இன்னும் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால், தூக்கிக்கட்டிய வேட்டியோடு அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஏன் உட்கார்ந்தார் என்று எனக்குப் புரியவில்லை. சிறிது நேரத்தில் வேரோடு பிடுங்கிய ஒரு பெரிய மரம் உருண்டு புரண்டு வந்து, அவர் இறங்கப் பார்த்த இடத்தில் மோதிப் பிளந்தது. இரண்டு கரையிலும் நின்றவர்கள் "அரோகரா" என்று அலறினார்கள். அவர் அசையவில்லை.

பொழுது சாயும் முன் வெள்ளம் தணிந்தது. வனத்துறை ஆட்கள் கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கூட்டி வந்தார்கள். வள்ளியை முதுகில் துண்டால் கட்டிக்கொண்டு அவரும் வந்து சேர்ந்தார். நான் அழுகையும் கோபமுமாக, "எறங்கப் போனீகளே, பெறகு ஏன் உக்காந்தீக?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசு பிள்ள" என்றார். "எறங்கப் போறேன், பிள்ள என் சட்டையப் பிடிச்சபடிக்குத் தூங்கிட்டா. எத்தன மாசம் கழிச்சித் தூங்குறா! தண்ணிக்குள்ள போனா முழிச்சிருவாளேன்னு உக்காந்துட்டேன்."

வெள்ளத்தின் இரைச்சலுக்கும் அவள் விழிக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக் கடந்தபோதும் விழிக்கவில்லை. வேனில் என் மடியில் கிடந்து, பாம்பன் வரும்வரை தூங்கினாள். அவள் மூச்சு விடுகிறாளா என்று நான்தான் மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இன்றைக்கு வள்ளி நன்றாகத் தூங்குகிறாள். அப்பா கடலில் இருக்கும் நாளில்கூடத் தூங்குகிறாள். ஆடி அமாவாசைதோறும் மலைக்குப் போகிறோம். ஓடை என்றால் என் வீட்டுக்காரர் இப்போது நின்று, உள்ளூர் ஆட்களைக் கேட்டுவிட்டுத்தான் கால் வைக்கிறார். என் முன்கோபம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன்.

அன்றைக்கு நான் பாறையில் விழுந்து கேட்டது தண்ணீர் குறைவதை. அதை மகாலிங்கம் உடனே தரவில்லை. சந்நிதியில் கேட்ட தூக்கத்தை அந்த நேரம் பார்த்துத் தந்து, இரண்டு உயிரையும் திருப்பிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கலாம். நல்ல வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. என்னைப் போலத் திட்டியாவது அவரைக் கூப்பிடுங்கள்.